சுவரில் விட்டுப்போன இரண்டு வார்த்தை

பொது சுகாதாரத் துறைக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பவர்களுக்கும், தமிழ்ப் பத்திரிகை, தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும், பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும்,

போன மாதம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து வரிசையாக வாசகங்கள் எழுதினார்கள். காசநோய், டெங்கு கொசு, தாய்ப்பால், கை கழுவுவது, எல்லாம் நீல எழுத்து. கடைசியாக, பெண்கள் ஓ.பி. சீட்டுக்கு நிற்கிற ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒன்று மட்டும் சிவப்பில்: 'கருக்கலைப்பு செய்வது சட்டப்படி குற்றம்.'

எழுதியவன் எனக்குத் தெரிந்த பையன்தான். அவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டதே நான். ஏன் தம்பி இப்படி எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். அதில் 'பாலினம் பார்த்துக் கருக்கலைப்பு செய்வது சட்டப்படி குற்றம்' என்று சரியாகத்தான் இருந்தது. "முன்னாடி ரெண்டு வார்த்தைக்கு எடம் பத்தல நர்சம்மா. அதான் சுருக்கிட்டேன். அர்த்தம் ஒண்ணுதானே?"

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பெயின்டர். ஆனால் இதைத் திருத்தச் சொல்லி நான் போய்ப் பார்த்த அதிகாரியும் அதையேதான் சொன்னார், இன்னும் ஒரு வரி சேர்த்து: "விடுங்கம்மா, கொஞ்சம் பயம் இருந்தா நல்லதுதானே." அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு சுவரை மட்டும் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவீர்கள். இந்த மாதிரிச் சுவர்கள் நான் பார்த்த வரைக்கும் நிறைய இருக்கின்றன.

32 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். பயம் எங்கே போகும், என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பயந்த பெண் பிள்ளையைப் பெற்றுக்கொள்வதில்லை. உங்கள் ஜன்னலுக்கு வராமல் வேறு இடத்துக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். எங்கள் துணை நிலையத்துக்கு உட்பட்ட ஊரில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், புருஷன் வெளியூர் மில்லில் வேலை. நாள் தள்ளிப்போய் நாற்பத்தைந்து நாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். வாசலில் இருந்த ஊழியர் மேலே தொங்கிய போர்டைக் காட்டி, 'படிக்கத் தெரியுமில்ல?' என்றாராம். போர்டில் இருந்தது பெண் சிசுவை அழிக்கக் கூடாது என்ற வாசகம். அவளுக்கு இருக்கிற பிள்ளைகள் இரண்டுமே பையன்கள் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. அப்படியே திரும்பி வந்தவள் என்னிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் நானும் அரசாங்கத்து ஆள், கர்ப்பிணிகளின் பெயரைப் பதிகிற ஆள். இரண்டு மாதம் பப்பாளி, அன்னாசி, கருப்பட்டியில் இடித்த எள் என்று ஓட்டியிருக்கிறாள். நாலாம் மாதம் பக்கத்து டவுனில் யாரோ ஒரு அம்மாவிடம் போய் என்னத்தையோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்றாம் நாள் ராத்திரி அவள் மாமியார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் பாயெல்லாம் ரத்தம், உடம்பு நெருப்பாகச் சுடுகிறது. 108-ல் ஏற்றி, நானும் கூடவே போனேன். ஆம்புலன்சில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "போலீஸ் வருமா நர்சம்மா?"

பிழைத்துக்கொண்டாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஆனால் நீங்கள் சொல்கிற அந்தக் 'கொஞ்சம் பயம்' அவளை ஏழாவது வாரத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிப் பதினாறாவது வாரத்தில் பாயில் கிடத்தியது. ஏழாவது வாரத்தில் என்றால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும். ஒன்பது வாரம் வரைக்கும் மாத்திரை கொடுக்க விதியிலேயே இடமிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு சட்டங்களைப் போட்டு நீங்கள் குழப்பியதில்தான் இவ்வளவும் வந்தது. கருவைக் கலைத்தால் சிறை என்பது 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு. கருக்கலைப்பில் பெண்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்ற கவலையில் 1964-ல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. அதன் பிறகு 1971-ல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 2021-ல் அதைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் சரி என்றால் போதும். 20-லிருந்து 24 வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். கருவுக்குப் பெரிய குறைபாடு இருந்தால் அதற்கு மேலும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் சட்டத்தில் இல்லை.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முடிவு இன்னமும் டாக்டர் கையில்தான் இருக்கிறது, பெண் கையில் இல்லை. சட்டம் சொன்ன வழிக்கு வெளியே செய்தால் குற்றம் என்பது பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புது நியாய சன்ஹிதாவிலும் 88-வது பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 'கருக்கலைப்பு சட்டப்படி குற்றம்' என்று மொட்டையாகச் சுவரில் எழுதினால் அது பொய். அரசாங்கச் சுவரில் அரசாங்கச் சட்டத்தைப் பற்றியே பொய்.

நீங்கள் சொல்ல வந்தது 1994-ம் வருடச் சட்டத்தை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் குற்றம் என்ற சட்டம் அது. அந்தச் சட்டம் பிடிப்பது ஸ்கேன் சென்டரை, டாக்டரை, பார்க்கச் சொல்லி நெருக்குகிற குடும்பத்தை. கர்ப்பிணியைப் புருஷனோ உறவினர்களோ கட்டாயப்படுத்தியதாகவே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. அதாவது, எழுதியவர்கள் பெண்ணைக் காப்பாற்ற நினைத்து எழுதிய சட்டம். அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் பெண்ணை மிரட்டுகிறீர்கள்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1986-ல் உசிலம்பட்டிப் பக்கம் நடந்த பெண் சிசுக் கொலை பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், 1992-ல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். பிறந்த பெண் குழந்தையைக் கொல்ல எருக்கம்பால், நெல்மணி என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து, மூன்றாவதும் பொண்ணு என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பாட்டிகளிடம் மல்லுக்கு நின்றவள் நான். தட்டி தூக்கி ஊர்வலம் போயிருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பிரச்சாரத்திலேயே நாங்களும் ஒரு தப்புச் செய்தோம். 'கருவறையே கல்லறை' மாதிரியான வாசகங்களைக் கத்திக்கொண்டு போனபோது, கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் காதில் 'பெண் சிசு' விழவில்லை, 'கொலை' மட்டும்தான் விழுந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. கணக்கு எளிது, பாருங்கள்: ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிய மூன்று மாதமாவது ஆக வேண்டும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதத்துக்கு உள்ளேயே வந்தவர்கள். எதுவென்றே தெரியாத கருவை எப்படிப் 'பாலினம் பார்த்து' கலைப்பது?

அவர்கள் வந்த காரணங்கள் எதிலும் சினிமா இல்லை. கைப்பிள்ளைக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. காப்பர் டி போட்டது தானாக விழுந்துவிட்டது, கவனிக்கவில்லை. புருஷன் குடித்துவிட்டு வருகிறார், ஆணுறை என்றால் அடிக்கிறார். போன பிரசவத்தில் வலிப்பு வந்தது, டாக்டரே இனி வேண்டாம் என்றார். மூத்தவள் வயசுக்கு வந்துவிட்டாள், இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு எப்படி நடப்பது என்று வெட்கப்பட்ட நாற்பது வயசுக்காரிகள் நிறையப் பேர். ஒருத்திகூட விளையாட்டாக வரவில்லை.

அடுத்து பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர்களே, உங்களிடம் வருகிறேன்.

ஆறு ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் ஒரு கல்லூரிப் பெண். கல்யாணமாகவில்லை. பயந்துபோய் ஒரு போலி டாக்டரிடம் போய், உயிருக்கு ஆபத்தாகி, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாள். போலி டாக்டரைக் கைது செய்தார்கள், நல்லது. மறுநாள் பேப்பரில் பெண்ணின் பெயரைப் போடவில்லை. ஆனால் ஊர் பெயர் இருந்தது, படிக்கிற கல்லூரி இருந்தது, எந்த வருடம் என்று இருந்தது, அப்பா என்ன கடை வைத்திருக்கிறார் என்பதும் இருந்தது. எங்கள் ஊரில் அந்தக் கடை ஒன்றுதான். இதற்குப் பெயரையே போட்டிருக்கலாம். தலைப்பில் 'கள்ளக்காதல்' வேறு. இரண்டு பக்கமும் கல்யாணமாகாத பிள்ளைகள், இதில் கள்ளம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்று மாதத்தில் கடையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போனது. போலி டாக்டர் ஜாமீனில் வந்துவிட்டார்.

கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை டாக்டர் வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. அது டாக்டரைத்தான் கட்டும், உங்களைக் கட்டாது. பாலியல் வழக்கென்றால் பெயரை வெளியிட உங்களுக்கும் தடை உண்டு. தானாக விரும்பி, அல்லது வேறு வழியில்லாமல், தன் உடம்புக்காக ஒரு முடிவெடுத்த வயது வந்த பெண்ணுக்கு உங்கள் மனசாட்சியைத் தவிர வேறு காவல் கிடையாது. அதனால்தான் மனசாட்சியிடம் எழுதுகிறேன்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருக்கலைப்பு பற்றி எந்தச் செய்தி போட்டாலும் கூடவே எட்டு மாத வயிறு, அதன் மேல் இரண்டு கை. இல்லாவிட்டால் உள்ளங்கையில் முழுக் குழந்தை. ஏழு வாரக் கரு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். இதையும் ஒரு மருத்துவச் செய்தி மாதிரி, கண்புரை ஆபரேஷன் செய்தி மாதிரிப் போட முடியாதா? டாக்டர் மேசை, மாத்திரை அட்டை, மருத்துவமனை வாசல், எவ்வளவோ படம் இருக்கிறது.

2022 செப்டம்பர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா. கல்யாணமானவள், ஆகாதவள் என்று சட்டம் பிரித்துப் பார்க்கக் கூடாது, 24 வாரம் வரையிலான உரிமை இருவருக்கும் ஒன்றுதான் என்றார்கள். புருஷனே வல்லுறவு கொண்டு அதனால் கர்ப்பமானாலும் இந்தச் சட்டத்துக்கு அது பாலியல் வன்முறைதான் என்றார்கள். 18 வயது ஆகாத பிள்ளை கர்ப்பமாக வந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்றாலும், அந்தப் பிள்ளையும் அதன் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அன்று ஒரு நாள் முதல் பக்கத்தில் போட்டீர்கள், ராத்திரி ஒரு விவாதம் வைத்தீர்கள், அப்புறம் மறந்துவிட்டீர்கள். அதற்குப் பின்னும் எங்கள் பக்கம் 'கழுத்தில் தாலி எங்கே' என்று கேட்கிற ஊழியர்களை நான் பார்த்தேன். ஒரு நாள் செய்தி அவர்கள் வரைக்கும் எட்டவில்லை.

உங்களால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2012-ல் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவார் செத்தபோது இந்தியப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நம் கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர், 31 வயது. கரு தங்காது என்று தெரிந்த பிறகும், இதயத்துடிப்பு இருக்கிறது என்று சொல்லிக் கலைக்க மறுத்து, கிருமி ரத்தத்தில் கலந்து செத்தாள். அந்த நாடு 1983-ல் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டுக் கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட நாடு. 2018 மே மாதம் அதே மக்கள் 66 சதவீதம் ஓட்டுப் போட்டு அதை எடுத்தார்கள். நடுவில் 35 வருடம். அந்த ஊர்ப் பெண்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்த கதையைத் தங்கள் பெயரிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள், பத்திரிகைகள் அதை அவர்கள் வாய்மொழியாகவே போட்டன, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. சவிதாவுக்காக அழுத நம் பத்திரிகைகள், அதே நோயில் அதே மாதிரி உள்ளூரில் சாகிற பெண்ணை 'கருக்கலைப்பு செய்த இளம்பெண் பலி' என்று ஐந்தாம் பக்கத்தில் நாலு வரியில் முடித்துவிடுகின்றன.

தொடர் எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. நாடி பிடித்துப் பார்த்தே 'நீங்க அம்மா ஆகப் போறீங்க' என்கிற டாக்டரை மன்னித்துவிடலாம், அது சிரிப்புக்காச்சு. வில்லி பாலில் மாத்திரை கலக்குவதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் நல்ல பெண் எவளாவது கலைக்கப் போனால், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'இப்ப கலைச்சா இனி உங்களுக்குக் குழந்தையே பிறக்காது' என்று சொல்வது இருக்கிறதே, அதை நான் மன்னிக்கமாட்டேன். என்னிடம் வந்த பெண்களில் பாதிப்பேர் அந்த வசனத்தோடுதான் வந்தார்கள். முறையாகச் செய்த கருக்கலைப்பால் அப்படி எதுவும் ஆவதில்லை. ஆவதெல்லாம் முறைகேடாகச் செய்வதால். அதற்கு ஆளை அனுப்பிவைப்பது அந்த வசனம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் உடம்பிலேயே தெரியும். 1994-ல் என் மகளுக்கு 11 மாதம் இருந்தபோது மறுபடி நின்றுவிட்டது. ஊர் ஊராகப் போய்க் கருத்தடை சொல்லிக்கொடுக்கிற நர்சுக்கே. என்ன ஒரு வெட்கம். தெரிந்தவர் யாரும் இல்லாத வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் செய்கிறேன் என்றார். எனக்கு 27 வயது, பின்னால் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைத்தவள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது என்று எனக்கே தெரியும், ஆனால் பேச வாய் வரவில்லை. கடைசியில் காப்பர் டி போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சி, என் வீட்டுக்காரர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு செய்தார்கள். ஊரில் மஞ்சள் காமாலை என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து நின்றார். அதையும் முகம் சுளிக்காமல் குடித்தேன். 1998-ல் என் மகன் பிறந்தான், மூன்றேகால் கிலோ.

இதை 30 வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரம் பெண்களுக்குத் தைரியம் சொன்ன நான், எனக்கும் நடந்திருக்கிறது கண்ணு என்று ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இந்த மடலை எழுத உட்காரும் முன்னால் என் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தக் கீழாநெல்லியையுமா குடிச்சே?" என்றாள்.

கரு என்றாலே உயிர், தொடக் கூடாது என்று மனசார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் அம்மாவே அப்படித்தான் இருந்தார். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் தங்கள் வயிற்றுக்கு அப்படி முடிவெடுக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கையைச் சட்டம் என்று சொல்லிச் சுவரில் எழுதுவதற்கும், செய்தி என்று சொல்லி அச்சடிப்பதற்கும் யாருக்கும் உரிமை இல்லை.

பாடநூல் குழுவினருக்கு நான் நீளமாக எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் 'இனப்பெருக்க நலன்' என்று பாடம் வைத்திருக்கிறீர்கள், அதில் கருக்கலைப்பு பற்றியும் சில வரிகள் இருக்கின்றன, சந்தோஷம். ஆனால் அது உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். வணிகவியல் எடுத்தவளுக்கும், பத்தாவதோடு மில்லுக்குப் போனவளுக்கும் கர்ப்பப்பை கிடையாதா? பையன்கள் கதையும் அதுதான். என் பேரன் பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பாடம் வந்தால் 'வீட்ல படிச்சுக்கங்க' என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்களாம். வீட்டில் யார் படித்துச் சொல்வது? செல்போன்தான்.

1930-களிலேயே கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதிய மண் இது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைச் சுவரெல்லாம் எழுதிய மண். கூச்சம் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

2015-ல் இந்தியா முழுக்க ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு நடந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்காக ஆராய்ந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் முக்கால்வாசி, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டது. அதாவது இது எங்கேயோ யாருக்கோ நடப்பதில்லை. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருத்தர் காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி குடித்திருப்பார்.

இப்போது நான் கேட்பது.

சுகாதாரத் துறைக்கு வாசகம் எழுதுகிறவர்களே, மாநிலம் முழுக்க இந்தச் சுவர்களை ஒருமுறை ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'பாலினம் பார்த்து' இல்லாத இடத்தில் எல்லாம் அதை எழுதுங்கள், இடம் பத்தாவிட்டால் முழு வாசகத்தையும் அழியுங்கள், பாதியை மட்டும் விடாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வேண்டும்: 'வேண்டாத கர்ப்பத்தைச் சட்டப்படி, பாதுகாப்பாக, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கலைத்துக்கொள்ளலாம். 18 வயதான பெண்ணின் சம்மதம் போதும். விவரம் ரகசியமாக இருக்கும். சந்தேகத்துக்கு 104.' அந்த 104-ல் போனை எடுக்கிறவர்களுக்கும், ஓ.பி. ஜன்னலில் உட்காருகிறவர்களுக்கும், வாசலில் நிற்கிறவர்களுக்கும் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஆபரேஷன் செய்தால்தான், புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் என்று நிபந்தனை வைக்கக் கூடாது என ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், அதையும் பெண்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

ஆசிரியர்களே, கருக்கலைப்புச் செய்தியில் பெண்ணைக் கண்டுபிடிக்க உதவுகிற ஒரு விவரமும் வரக் கூடாது என்று உங்கள் அலுவலகத்தில் எழுதி வையுங்கள். 'கள்ளக்காதல்' என்ற வார்த்தையை விட்டொழியுங்கள். போலி டாக்டர் பிடிபட்ட செய்தியின் அடியில் சட்டப்படி எங்கே போகலாம் என்று இரண்டு வரி சேருங்கள். செப்டம்பர் 28 உலகம் முழுக்கப் பாதுகாப்பான கருக்கலைப்பு நாளாக இருக்கிறது. அன்றைக்காவது ஒரு பக்கம் கொடுத்து, பெயர் போடாமல், பெண்களைச் சொல்லவிடுங்கள், நான் முதல் ஆளாக எழுதித் தருகிறேன். தொலைக்காட்சியில் தொடர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் மருத்துவக் காட்சிகளை ஒரு மகப்பேறு டாக்டரிடம் படிக்கக் கொடுங்கள்.

பாடநூல் குழுவினரே, அடுத்த முறை திருத்தும்போது பத்தாம் வகுப்பிலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும், கருத்தடை, கருக்கலைப்பு, பாலினத் தேர்வு மூன்றும் வேறு வேறு என்று தெளிவாக இரண்டு பக்கம் வையுங்கள். ஆசிரியர்கள் தள்ளிவிட முடியாதபடி அதிலிருந்து ஒரு கேள்வியையும் தேர்வில் கேளுங்கள். எங்கள் ஊரில் மதிப்பெண்ணுக்கு வந்தால்தான் பாடம்.

எங்கள் ஊர்ச் சுவருக்கு வருகிற மாதக் கடைசி வரை பார்ப்பேன். அந்தப் பையன் இங்கேதான் இருக்கிறான், அரை நாள் வேலை என்கிறான். இடமும் நானே டேப் பிடித்து அளந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் பதினோரு அடி காலியாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்